ஞாயிற்றுக்கிழமை மெட்டு

ஸ்டாக்ஹோம்,
8 பிப்ரவரி 1977

அன்புள்ள சிக்ஸ்டெனுக்கு,

நானும் பிள்ளைகள் மூவரும் நலம். நீ நலமா என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், பதில் எழுது.

நேற்று இரண்டு முறை போன் செய்தேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். ரிக்கார்டு வேலை முடியும்வரை நாங்கள் தங்கியிருக்கும் வீட்டுக்காரி, வாலின் என்கிற அந்த அம்மா, போனைக் கூடத்தில் வைத்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் அவளிடம் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். தொட்ட பிறகு அவள் பூச்செடிக்குத் தண்ணீர் விடுகிற சாக்கில் பக்கத்திலேயே நிற்பாள். நீ வைத்த பிறகு, நான் உயிரில்லாத போனிடம் "சரி, சரி, உடம்பைப் பார்த்துக்கோ" என்று ஒரு நிமிஷம் பேசி நடித்தேன். இந்த வயதில் எனக்கு இது தேவையா? அதனால்தான் கடிதம். இதை நடுவில் வெட்ட உன்னால் முடியாது. கிழிப்பதென்றால் படித்துவிட்டுக் கிழி.

முதலில் வண்டி விஷயம். கோபம் வந்தால் மனுஷன் வெளியே போவான், இரண்டு தெரு சுற்றுவான், மூக்கு உறைந்ததும் திரும்பி வருவான். நீ வண்டியை எடுத்துக்கொண்டு ஐந்நூறு கிலோமீட்டர் பனியில் ஓட்டி நம் ஊர் கிராம்ஃபோர்ஸுக்கே போய்ச் சேர்ந்துவிட்டாய். அதில் உன் அக்கார்டியன் மட்டுமா இருந்தது? ஹோக்கன் ட்ரம்ஸ் வாசிக்க உட்காரும் முக்காலி, பியாவின் பனிச் சப்பாத்து, என் கம்பளிக் கோட்டு, எல்லாம் போய்விட்டது. உன் மகன் பியர் பாட்டில் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து வாசிக்கிறான். நான் இங்கேலாவின் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கடைக்குப் போகிறேன். கை பாதியிலேயே நின்றுவிடுகிறது. ரொட்டிக் கடைக்காரி என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு ஒரு பன் கூடுதலாகப் போட்டாள்.

ஊரில் நீ பஸ் டிப்போ ஆட்களிடம் நடந்ததை எப்படிச் சொல்லிக்கொண்டிருக்கிறாயோ தெரியாது. நான் பார்த்ததை எழுதுகிறேன், சரிபார்த்துக்கொள்.

வெள்ளிக்கிழமை ஸ்டுடியோவில் இங்கேலா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் ஸ்டெல்லான், ரிக்கார்டு கம்பெனி அமர்த்தின தயாரிப்பாளர், அவர் வேலையை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். உன்னைப் பின்னால் இருந்த சோபாவில் உட்காரச் சொல்லியிருந்தார்கள். நீ அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாய். இரண்டாவது சரணம் பாதி போகும்போது அவர் கைக்குக் குறுக்கே சாய்ந்து, உள்ளே இருப்பவர்களிடம் பேசுகிற பொத்தானை அழுத்தினாய். "சுருதி விலகுது இங்கேலா. நடனப் பூங்காவுல ஆட வர்றவங்களுக்கு இது போதும். ரிக்கார்டுக்குப் போதாது." அங்கே வயலின் வாசிக்க வந்த இரண்டு பையன்கள் இருந்தார்கள். காபி கொண்டுவருகிற பெண் இருந்தாள். எல்லார் காதிலும் விழுந்தது.

இங்கேலா காதில் இருந்ததைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினாள். பிறகு மைக்குக்குப் பக்கத்தில் வந்து, சத்தம் போடாமல்தான் சொன்னாள். "அப்பா, நீ வெளிய போ. நீ இருந்தா நான் பாட மாட்டேன்."

மைக் திறந்திருந்ததால் அது எங்கள் பக்கம் இருந்த இரண்டு பெரிய ஸ்பீக்கரிலும் இடி மாதிரி வந்தது. அவள் அவ்வளவு சத்தமாகச் சொல்ல நினைக்கவில்லை. அதை உன்னிடம் யாராவது சொல்ல வேண்டும், நான் சொல்கிறேன்.

உனக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும். பத்து வருஷமாக 'சிக்ஸ்டென்ஸ்' என்று இருந்த குழுவுக்குக் கம்பெனிக்காரர்கள் 'அரோரா' என்று பெயர் மாற்றினார்கள். அக்கார்டியன் இந்தக் காலத்துக்குப் பொருந்தாது என்றார்கள். பியாவுக்கு ஏழு வயதிலிருந்து இந்த மூன்றையும் கூட்டி உட்காரவைத்துக் குழுவாக்கி, பஸ் ஓட்டி முடித்த கையோடு வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய் வாசிக்கவைத்தவன் நீ. அதை நான் மறக்கவில்லை. பிள்ளைகளும் மறக்கவில்லை. ஆனால் நீயே தினம் ஞாபகப்படுத்தினால் அவர்கள் எப்படி நன்றி சொல்வார்கள்? சொல்ல இடம் எங்கே விட்டாய்?

அன்றைக்கு வெளியே போன நீ வண்டியின் பக்கக் கதவைத் திறந்துவைத்து எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தாய். நான் நடைபாதையிலேயே நின்றேன். பியாவைத் தனியாக விட முடியாது என்றேன். அது பொய் இல்லை. முழுக் காரணமும் இல்லை. அதை எழுத வரும்போது எழுதுகிறேன்.

வேலை நடக்கிறது. நீ போன பிறகு நன்றாகவே நடக்கிறது என்று எழுதினால் நீ சுருங்கிப்போவாய், நடக்கவில்லை என்று எழுதினால் சந்தோஷப்படுவாய். அதனால் நடக்கிறது என்று மட்டும் எழுதுகிறேன். இங்கேலா சரியாகச் சாப்பிடுவதில்லை. அவளுக்கு வருத்தமா என்று கேட்டால் இல்லை என்கிறாள், நான் கேட்காமலே இன்னும் நாலு தடவை சொல்கிறாள்.

ஃப்ரீசரில் மேல்தட்டில் கடமான் கறி பொட்டலமாக இருக்கிறது. கூரையில் பனி சேர்ந்தால் நீயே ஏறாதே, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக்கொள். நாய்க்கு உன் சாப்பாட்டைப் போடாதே.

ஒரே ஒரு வேலை செய். இங்கேலாவைப் போனில் கூப்பிட்டு, எப்படிப் போகிறது என்று கேள். கேட்டுவிட்டு, அவள் சொல்கிறதைக் கேள்.

இப்படிக்கு,
மாய்கென்

*

ஸ்டாக்ஹோம்,
14 பிப்ரவரி

சிக்ஸ்டென்,

அன்புள்ள என்று எழுதத் தொடங்கி, பேனா நகரவில்லை. நீ பியாவின் பள்ளி முதல்வருக்குப் போன் செய்து அவளுக்கு வாங்கின விடுப்பை ரத்து செய்யச் சொல்லியிருக்கிறாய். அவர் இங்கே போன் செய்தார். திங்கட்கிழமை வகுப்பில் இருக்க வேண்டுமாம். வாலின் அம்மா செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

இங்கேலாவைத் தண்டிக்க நினைத்தாய். ஹோக்கனையும் சேர்த்துத் தண்டிக்க நினைத்தாய். கீபோர்டு வாசிக்கிறவளை இழுத்துக்கொண்டால் வேலை நின்றுவிடும் என்று கணக்குப் போட்டாய். ஆனால் பியா யார் பக்கம் என்று உனக்குத் தெரியுமா? அன்றைக்கு நீ வண்டியில் உட்கார்ந்திருந்தபோது அவள் மாடிப்படியில் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றாள். உன்னோடு வரத் தயாராக இருந்தாள். நீ அவளைக் கூப்பிடவில்லை. கதவை எனக்காகத்தான் திறந்துவைத்தாய். இங்கே உனக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்த ஒரே பிள்ளையைப் பார்த்து நீ கல்லெறிந்திருக்கிறாய். முதல்வர் பேசி முடித்ததும் அவள் என்னிடம் கேட்டாள், "அப்பா எங்கிட்ட பேசணும்னு கூப்பிட்டாராம்மா, இல்ல அவர்கிட்ட மட்டும்தானா?"

முதல்வரை நானே திரும்பக் கூப்பிட்டேன். விடுப்பு விடுப்பாகவே இருக்கட்டும், அவளுக்கு அம்மாவும் உண்டு என்றேன். நம் கல்யாணத்துக்குப் பிறகு நீ சொன்னதை நான் வெளி ஆளிடம் மாற்றிச் சொல்வது இதுதான் முதல் தடவை. அது உனக்குத் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இப்போது பிள்ளைகள் மேல் எனக்கு வந்த கோபத்தையும் எழுத வேண்டும். ஒரு பக்கத்துக்குத்தான் நான் திட்டு வைத்திருக்கிறேன் என்று நினைக்காதே.

கம்பெனிக்காரர்கள் முதலில் வெளியிடப்போகிற பாட்டு ஒன்று இருக்கிறது. இங்கேலா எழுதியது. ஒருத்தி ரயிலுக்குக் காத்திருக்கிற பாட்டு. வேகமான பாட்டுதான். நடுவில் பாடுவது நின்று, கீபோர்டு மட்டும் தனியாக ஒரு சுற்று வரும். வியாழக்கிழமை அதைப் பதிவு செய்தார்கள். நான் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தேன். கதவு திறந்திருந்தது. ஊசி கையிலேயே நின்றுவிட்டது.

அது உன் மெட்டு, சிக்ஸ்டென். ஞாயிற்றுக்கிழமை காபிக்கு முன்னால் சமையலறைப் பெஞ்சில் உட்கார்ந்து வாசிப்பாயே, பெயர் வைக்காமலேயே விட்டுவிட்டாயே, அது. மூன்று அடித் தாளத்தில் ஆடி ஆடி வருவதை நான்கு அடித் தாளத்துக்கு நிமிர்த்தியிருந்தார்கள். கோட்டும் டையும் மாட்டிவிட்ட மாதிரி இருந்தது. ஆனாலும் நம் வீட்டுப் பிள்ளையை எனக்கு அடையாளம் தெரியாதா?

உள்ளே எல்லாரும் கைதட்டினார்கள். ஸ்டெல்லான், இந்த இடம்தான் ரேடியோவில் ஜனங்களைப் பிடித்து நிறுத்தப்போகிறது என்றார். இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று கேட்டார். ஹோக்கன், "சும்மா வந்துச்சு" என்றான். பியா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். எழுந்து கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தாள்.

மத்தியானம் ஸ்டுடியோவிலேயே பட்டாணி சூப் சாப்பிட உட்கார்ந்தோம். கேட்டுவிட்டேன். அது யாருடையது என்று. ஹோக்கன் தட்டைப் பார்த்தான். இங்கேலா என்னை நேராகப் பார்த்துச் சொன்னாள்: "அது நம்ம வீட்டு மெட்டும்மா. பொறந்ததுலேர்ந்து காதுல விழுது. அதுல அப்பா பேர் எழுதியிருக்கா?"

ஹோக்கன் அவளை விட நேர்மையாகப் பேசினான். அப்பா பெயரைச் சொன்னால் அப்பா திரும்பி வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார், அதுதான் பயம் என்றான். எனக்கு இரண்டு பேரையும் அறைய வேண்டும் போலிருந்தது. வெளியே போ என்று அனுப்பின ஆளின் சட்டைப் பையில் கைவிடுவதற்கு இதெல்லாம் ஒரு காரணமா? நீ பொத்தானை அழுத்தியது தப்பு என்றால் இது என்ன?

நான் சூப் அகப்பையைக் கையில் பிடித்துக்கொண்டே ஸ்டெல்லான் அறைக்குப் போனேன். பிறகுதான் அகப்பை கையில் இருப்பதைப் பார்த்தேன். முப்பது வயது இருக்கும் அவருக்கு, வெல்வெட் கால்சட்டை போடுவார், நீ அவரை 'சீமான் வீட்டுப் பொம்மை' என்று திட்டினாய். அந்த மனுஷன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, நான் சொன்னது முழுவதையும் கேட்டார். பிறகு உன் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொன்னார். பிள்ளைகளைக் கூப்பிட்டார். திட்டவில்லை. "இதை நீங்க மூணு பேரும் எங்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கணும்" என்று மட்டும் சொன்னார். இங்கேலாவின் காது சிவந்துவிட்டது. உன் காது சிவப்பது மாதிரியே.

அக்கார்டியனைச் சேர்க்க மாட்டாராம், அதில் மாற்றம் இல்லை. ஆனால் உன் பெயர் போட்டாக வேண்டும், உன் சம்மதமில்லாமல் அந்தப் பாட்டு வெளியே போகாது என்கிறார். புதன்கிழமை அவரே உனக்குப் போன் செய்வார். தயவுசெய்து எடு. எடுத்தால் வைத்துவிடாதே.

இங்கேலா என்னோடு பேசுவதில்லை. நான் காட்டிக்கொடுத்துவிட்டேனாம். உப்பு என் முன்னால் இருக்கும், பியாவிடம் கேட்பாள். நீயும் பேசுவதில்லை, அவளும் பேசுவதில்லை. உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஒருத்தி என்ன பாவம் செய்தேன்?

நான் ஏன் வண்டியில் ஏறவில்லை என்பதையும் இப்போதே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் எழுதவே மாட்டேன்.

ஐம்பத்திரண்டாம் வருஷக் கோடையில் நைலாண்டு பூங்கா மேடையில் நான் உன் குழுவோடு பாடினேன். மூன்றாவது பாட்டு. நீ அக்கார்டியனோடு என் பக்கம் சாய்ந்து, மைக் திறந்திருக்கும்போதே, "மாய்கென், சுருதி" என்றாய். இரண்டே வார்த்தை. முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, சும்மா சிரித்தார்கள். நான் அந்தப் பாட்டை முடித்தேன். அடுத்த வாரம் தொண்டை வலி என்றேன். அதற்கடுத்த வாரமும். மறுவருஷம் நமக்குக் கல்யாணம் ஆயிற்று. பிள்ளைகள் வந்ததால் மாய்கென் பாடுவதை விட்டுவிட்டாள் என்று நீ எல்லாரிடமும் சொல்வாய். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன்.

இதற்காகச் சண்டை போட எழுதவில்லை. நீ அந்தப் பொத்தானை நோக்கிச் சாய்ந்தபோதே என்ன வார்த்தை வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால் கால் வண்டியில் ஏறவில்லை. அவ்வளவுதான்.

புதன்கிழமை போனை எடு.

மாய்கென்

*

ஸ்டாக்ஹோம்,
23 பிப்ரவரி

அன்புள்ள சிக்ஸ்டெனுக்கு,

இந்தப் பக்கம் நடந்தது உனக்குத் தெரியாது. போனில் உனக்குக் கேட்டது கொஞ்சம்தான். மீதியை நான் எழுதுகிறேன்.

புதன்கிழமை ஸ்டெல்லானிடம் நீ சொன்ன பதிலை அவர் அப்படியே வந்து சொன்னார். "மெட்டை எடுத்துக்கட்டும். என் பேர் வேண்டாம். அந்த ரிக்கார்டுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்ல." இதை நீ பெருந்தன்மை என்று நினைத்திருப்பாய். எனக்கு உன்னைத் தெரியும், சிக்ஸ்டென். நீ ஒரு பொருளைத் தானமாகக் கொடுத்தால் வாங்கினவன் ஆயுசு முழுக்கக் கூனிக்கொண்டு நடக்க வேண்டும். அப்படிக் கொடுத்தாய்.

இங்கேலா அந்தப் பியர் பெட்டியை உதைத்தாள். எப்பவும் அப்பாதான் ஜெயிக்கணும், தோற்றாலும் அப்பாதான் ஜெயிக்கணும் என்று கத்தினாள். அப்பா பெயர் இல்லாமல் அந்தப் பாட்டை நான் பாட மாட்டேன், எடுத்துவிடுங்கள் என்றாள். அதை எடுத்தால் வெளியிட வேறு பாட்டு இல்லை, ஈஸ்டருக்கு ரிக்கார்டும் இல்லை என்றார் ஸ்டெல்லான். சரி, இல்லாமல் போகட்டும் என்றாள். யாருடைய மகள் என்று கேட்க வேண்டியதே இல்லை. ஹோக்கன் ஊருக்குப் போகிற ரயில் நேரத்தை விசாரிக்கப் போனான். வாடகைக்கு எடுத்த ஸ்டுடியோ இரண்டு நாள் சும்மா கிடந்தது. நான் வாலின் அம்மா வீட்டு ஜன்னல் திரையெல்லாம் கழற்றித் துவைத்தேன், அவள் கேட்காமலே. கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

உங்கள் எல்லாரையும் விட்டுவிட்டு எங்காவது போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். எழுதினதை அடிக்கவில்லை. நினைத்தேன்.

பியா செய்ததை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தோம். ஸ்டுடியோவில் காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு போன் இருக்கிறது, நீளமான சுருள் கம்பி. அவள் உனக்குப் போட்டாள். நீ எடுத்ததும், "அப்பா, பியா. ஒண்ணும் பேச வேண்டாம். வைக்காம இரு" என்றாள். கம்பியை இழுத்துக்கொண்டு உள்ளே போய், ஸ்பீக்கர் முன்னால் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு, அந்தப் பாட்டைப் போடச் சொல்லி ஸ்டெல்லானிடம் கையைக் காட்டினாள்.

உனக்கு அது எப்படிக் கேட்டதோ, தகரத்துக்குள் கேட்ட மாதிரிதான் இருந்திருக்கும். இங்கே நாங்கள் யாரும் அசையவில்லை. இங்கேலா கதவுப் பக்கம் பையோடு நின்றாள். நடுவில் உன் மெட்டு வந்தது. பியாவின் கை நடுங்கினதால் போன் ஸ்பீக்கர் வலையில் தட்டித் தட்டிச் சத்தம் போட்டது. அந்தத் தட்டல் உனக்குக் கேட்டிருந்தால், அது ரிக்கார்டில் இல்லை, அவள் கை.

பாட்டு முடிந்தது. நீ வைத்திருப்பாய் என்று நான் நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு என்னைக் குறை சொல்லாதே, நீ பழக்கிவிட்டாய். பியா காதில் வைத்துக் கேட்டாள். பிறகு போனை இங்கேலாவிடம் நீட்டி, "உன்னைக் கேக்கறார்" என்றாள்.

இங்கேலா வாங்கமாட்டாள் போலிருந்தது. பையைக் கீழே வைத்துவிட்டு வாங்கினாள். நாங்கள் எல்லாரும் திடீரென்று வேலை உள்ளவர்கள் மாதிரி ஒயரைச் சுற்றத் தொடங்கினோம். அவள் ரொம்ப நேரம் "ம்" என்றே கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு முறை, "அது எனக்கு அப்பவே தெரியும்ப்பா. நீ சொல்வியான்னுதான் பாத்தேன்" என்றாள். நீ என்ன சொன்னாய் என்று நான் அவளைக் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. போனை ஸ்டெல்லானிடம் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனாள்.

ஸ்டெல்லானிடம் நீ சொன்னது எனக்குத் தெரியும். அவர் சிரித்துக்கொண்டே வந்து சொன்னார். முதல் பெயர் யாருக்கும் வேண்டாம், குடும்பப் பெயர் 'ஹெட்மான்' என்று மட்டும் போடுங்கள் என்றாயாம். யார் யாரைச் சேர்த்துக்கொள்ள வேண்டுமோ சேர்த்துக்கொள்ளட்டும் என்றாயாம். ஒரு வார்த்தையை நேராகச் சொல்ல உனக்கு வரவே வராதா? இருந்தாலும் சரி. இருபத்து நான்கு வருஷமாக நானும் ஹெட்மான்தான். அதில் நானும் உண்டா? சும்மா கேட்கிறேன்.

திங்கட்கிழமை கடைசியாகப் பாடிப் பதிவு செய்தார்கள். இங்கேலா நன்றாகப் பாடினாள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு முன்பு பாடினதுக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. முன்பும் நன்றாகத்தான் பாடினாள். அன்று மத்தியானம் உப்பை என்னிடம் கேட்டாள். நோன்புக்கு முந்தின செவ்வாய்க்கிழமை சாப்பிடுகிற பாதாம் பன்னை ஒரு நாள் முன்கூட்டியே வாங்கி வந்து எல்லாரும் சாப்பிட்டோம், ஹோக்கன் மூக்கெல்லாம் க்ரீம்.

இனி கசப்பானதை எழுதுகிறேன். நீ தெருவில் யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடாது. இங்கேலாவும் ஹோக்கனும் ஊருக்கு வரவில்லை. இங்கேயே அறை பார்த்துவிட்டார்கள், கம்பெனி வேறு ஊர்களுக்கு அனுப்பப்போகிறதாம். ஹோக்கன் பகலில் ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்கிறான். கோடைக்குப் பூங்காக்களில் நீ ஒத்துக்கொண்ட நிகழ்ச்சிகளை எல்லாம் நீதான் ரத்து செய்ய வேண்டும். நான் செய்யமாட்டேன். பியா கோடைக்குள் பள்ளியை முடிப்பாள், பிறகு அவளும் இங்கே வந்துவிடுவாள் என்று என் மனசுக்குத் தெரிகிறது. அவளிடம் இதைப் பற்றி இப்போது பேசாதே. இலையுதிர் காலத்தில் அந்த வீட்டில் நாம் இரண்டு பேர்தான்.

இதைக் கேட்டதும் நீ வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதே. யார் தப்பு என்று யோசிக்கத் தொடங்காதே. எனக்கும் கோபமாகத்தான் இருக்கிறது. யார்மேல் என்று தெரியாததால் எல்லார்மேலும் கொஞ்சம் கொஞ்சமாக இருக்கிறது. அவர்களைத் தொட்டிலில் போட்டு ஆட்டினதிலிருந்து நீயும் நானும் அவர்களை எங்கேயோ கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் பாடுபட்டோம். சேர்ந்துவிட்டார்கள். நாம்தான் கூடப் போகவில்லை.

சனிக்கிழமை நானும் பியாவும் ரயிலில் வருகிறோம். மத்தியானம் வரும். ஸ்டேஷனுக்கு வா. பாதை வழுக்கும், மெதுவாக ஓட்டு. பியாவை முதலில் கட்டிக்கொள், என்னை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வருவதற்கு முன்னால் ஒரு விஷயம். நான் பாத்திரம் கழுவும்போது முணுமுணுவென்று பாடுவேன். உனக்குத் தெரியாது. இத்தனை வருஷமும் உன் பஸ் தெருமுனை திரும்பின பிறகுதான் தொடங்குவேன். இனிமேல் நீ வீட்டில் இருக்கும்போதும் பாடப்போகிறேன். பக்கத்து அறையிலிருந்து ஒரு வார்த்தை வரக்கூடாது. மனசு வந்தால் அக்கார்டியனை எடுத்துக் கூடவே வாசி, மெதுவாக. வராவிட்டால் கதவைச் சாத்திக்கொள். நான் தப்பாக நினைக்கமாட்டேன், பாட்டையும் நிறுத்தமாட்டேன்.

கடவுள் உன்னையும் அந்த வீட்டையும் நல்லபடியாக வைக்கட்டும்.

உன்,
மாய்கென்